எலி வீட்டு நெல்

வைக்கோல் புகை மூக்கில் ஏறியது. ஈர வைக்கோலை மூட்டம் போட்டால் வருமே, கண்ணைக் கரிக்கிற புகை... போன வாரம், தரங்கம்பாடி போகிற பஸ்ஸில். அறுப்பு முடிந்த வயலில் யாரோ எலிக்குப் புகை போடுகிறார்கள் — பார்க்காமலே சொல்வேன்.

பின் சீட்டில் இரண்டு காலேஜ் மாணவிகள். "அவ ஒரு ரேட்டுடி! நாம கட் அடிச்சத அப்படியே மேடம்கிட்ட போட்டுக் கொடுத்துட்டா."

ரேட் என்றால் எலி. இங்கிலீஷில் காட்டிக் கொடுப்பவனுக்கும் அதே பேர். ஸ்டிரைக்கின்போது திருட்டுத்தனமாக வேலைக்குப் போகிறவனும் ரேட்தான். சந்தேகம் தட்டினால் எலி நாற்றம் அடிக்கிறது என்பார்கள். மூச்சு முட்ட ஓடும் பிழைப்புக்கு எலிப் பந்தயம் என்று பேர். இருபது வருஷமாக இந்த பாஷையை கிளாஸில் நடத்துகிறேன். எலியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை உண்டா?

அந்த பாஷைக்காரர்கள் எலி வீட்டில் சாப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டவன்.

பி.ஏ. முடித்து வேலையில்லாமல் ஊரில் கிடந்த வருஷம். மேடையில் உழுபவனுக்கே நிலம் என்றார்கள். வயலில் கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டதற்கே தகராறு. பாதி அறுப்பில் சங்கம் வேலையை நிறுத்தியது. பத்து நாள்... வீட்டில் பானை காலி.

அம்மாவும் நானும் அறுத்த வயலுக்குப் போனோம். எலி கதிரைக் கத்தரித்து வரப்புக்குள் சேர்த்து வைக்கும். புகை போட்டு அதைத் துரத்திவிட்டு வளையைத் தோண்டினால், நெல் தோண்டினவருக்கு. மிராசுதாரர்கள் கேட்பதில்லை — அதுதான் வழக்கம். சின்ன வயசிலிருந்து எங்கள் பானையில் வெந்த நெல்தான் அது.

கூடை நிறையும்போது பண்ணைக் காரியக்காரர் குடையோடு வந்தார்.

"என்ன அஞ்சல, பி.ஏ. இங்கிலீஷு எலி வளை தோண்டுதா?"

"உள்ள இன்டர்வியூங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "வயலு பண்ணையோடது. வளையும் பண்ணையோடதுதான். கூடைய வை."

அம்மா வைக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, எடுத்துக்க. இன்னும் நாலு வளை தோண்டிக்க, கேக்க மாட்டேன். நாளைக்கு வெளியூர் ஆள எறக்குறோம். மறிக்கப் போறது யாரு யாருன்னு பேர மட்டும் சொல்லு."

அம்மாவுக்கு எல்லாப் பேரும் தெரியும். முதல் பேரே அவளுடையது.

கூடையைப் பார்த்தாள். எங்களுக்கு இரண்டு நாள் கஞ்சி அது. அப்படியே வரப்பில் கவிழ்த்தாள். சேலையில் ஒட்டியிருந்த கதிரைக்கூட உதறினாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் சொன்னாள்:

"எந்த எலிங்கய்யா வந்து தன் வளையக் காட்டிக் கொடுத்துச்சு? நாங்க தோண்டித்தான் பாத்தோம். நீங்களும் தோண்டிப் பாருங்க... வர்றோம்."