அடுப்படித் தரைக்குள் சூட்டுக் கம்பி

போடிமெட்டுச் சரிவில், ஏலக்காட்டுக்குள் இருக்கிறது என் வீடு. அவர் போன பிறகு நான் ஒருத்திதான். மழைக்காலத்தில் அடுப்படித் தரையில் நின்றால் குளிர் முழங்கால் வரை ஏறும், பாதம் வீங்கிவிடும். வெளிநாட்டில் இருக்கிற மகன் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

“தரைக்குள்ள சூடு பண்ற ஒயரு வாங்கி அனுப்புறேம்மா. அதுக்கப்புறமும் கால் வீங்குச்சுன்னா நீ போடிக்கு எறங்கிரணும். அங்க வீடு பாத்து வச்சிருக்கேன்.”

சரி என்றேன். இறங்குகிற எண்ணம் எனக்குக் கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான், ஆனாலும் இந்தக் காட்டை ஒற்றை ஆளாக நடத்துகிறேன்.

பழைய தரையைப் பெயர்த்துச் சமன் பண்ணியதும், போடியிலிருந்து ஜீப்பில் வந்த மேஸ்திரி, மகன் அனுப்பிய ஒயரை விரித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“ஆத்தா, இதை அறுக்கவும் கூடாது, ஒட்டுப்போடவும் கூடாது. பாதித் தரைக்குத்தான் காணும். எங்கிட்டு ஓட்டட்டும்?”

“செவுத்தோரமா ஓட்டு. பந்தி உக்கார்ற எடம் அதுதான்.”

“பந்தியா! யாரு வர்றாக?”

“வர்றவுக வருவாக. நீ சோலியப் பாரு அப்பு.”

“நீங்க எங்கிட்டு உக்காருவீக?”

“நான் எதுக்கு உக்கார்றேன்? அடுப்புக்கிட்ட நின்னு பரிமாறுவேன்.”

“விருந்தாளிக்கு வெந்நி, வீட்டுக்காரிக்குப் பச்சத்தண்ணி. நல்ல ஞாயம் போங்க!”

சொன்னபடியே செய்தார். சூடு கீழே இறங்காமலிருக்க அட்டையைப் பரப்பி, அதன்மேல் ஒயரை வளைத்து வளைத்து ஓட்டி, சிமெண்டு போட்டு டைல்ஸ் ஒட்டினார். நன்றாகக் காயும் முன் சுவிட்சைத் தொடக்கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மழை பிடித்த பிறகு சுவிட்சைப் போட்டேன். சுவரோரம் மாட்டு வயிற்றைத் தொட்ட மாதிரி இதமான சூடு. அடுப்புப் பக்கம் பழைய குளிர்தான். நான் பழைய இடத்திலேயே நின்று சமைத்து, அங்கேயே முக்காலி போட்டுச் சாப்பிட்டேன். காய் எடுக்கிற காலத்தில் வந்து நிறைகிற சொந்தபந்தம் இந்த வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. கால் வீங்கிவிட்டது. மகன் கேட்டபோது தேவலை என்றேன். வீடியோவில் காலைக் காட்டச் சொன்னால் என் வீறாப்பு செல்லாது.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டோடு சுவரோரம் போனேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வரிசையில் நான் உட்கார்ந்ததில்லை. முதல் இடம் மாமனாருக்கு, அடுத்தது அவருக்கு, அப்புறம் கொழுந்தன்மார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு கடைசியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். குழம்பு, ரசம், மோர் எல்லாம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

தினமும் அப்படித்தான். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. இனி மகனால் என்னைப் போடிக்கு இறக்க முடியாது. அன்றைக்கு மோருக்குச் சோறு பிசையும்போது, இன்னும் கொஞ்சம் போடவா என்று அடுப்புப் பக்கத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.