கிணற்றின் அடியில் கிடந்த கடைத் திறப்பு

ஐயாவின் கடைப் பூட்டைத் திறக்கும் திறப்பு தோட்டக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று அம்மா சொன்ன அன்றே, அதை எடுப்பது என் பொறுப்பு என்று முடிவு செய்துகொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கை வீடுகளில், எங்கள் ஐயாவைப் போலவே பாதிப் பேரின் தகப்பன்மாருக்கும் தெற்கே சிங்கள ஊர்களில் கடை இருந்தது. திருவிழாவுக்கு வருவார்கள், முடிந்ததும் போவார்கள். ஐயா அந்த முறை திருவிழா எதுவும் இல்லாத நாளொன்றில், ஒரேயொரு பையோடு வந்தார். திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டபோதுதான் அம்மா கிணற்றைக் காட்டினார். நியாயமான காரணமாகவே எனக்குப் பட்டது. திறப்பு கிடைத்தால் ஐயா போவார். போனால்தானே அடுத்த திருவிழாவுக்கு பிஸ்கற் ரின்னோடு வரலாம்.

உச்சி வெயிலில் கிணற்றின் அடி தெரியும். விரல் நீள இரும்புத் திறப்பு, மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் இரும்புக் குழாயை ஒட்டிக் கிடந்தது.

அக்கா பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம் படித்தாள். பழுதாகிக் கிடந்த றேடியோவைக் கழற்றி, ஒலிபெருக்கியின் பின்னாலிருந்த வட்டக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். பாதி வழியில் அது டக்கென்று குழாயில் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பிரித்தோம். ஒரு முழம் கீழே போய் மறுபடியும் ஒட்டியது. ஒருவழியாக அடிக்குப் போய் மேலே வந்தபோது ஒரு வாளிக் கைப்பிடியும் பழைய ஆணிகளும் அதில் இருந்தன. அவற்றையும் அது லேசில் கொடுக்கவில்லை.

"இது பிடிச்சா விடாது," என்றாள் அக்கா. "எங்களுக்கு வேண்டியது, சொல்லேக்கை பிடிச்சு, சொல்லேக்கை விடுற காந்தம்."

"அப்பிடி ஒண்டு இருக்கோ?"

"இருக்கு. நீ வாயைப் பொத்திக்கொண்டு இந்தக் கம்பியைப் பிடி."

கம்பியும் அதே றேடியோவிலிருந்துதான் வந்தது. பெருவிரல் பருமனான இரும்பு ஆணி ஒன்றின்மேல் அந்தச் செப்புக் கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றினாள். இரண்டு நுனிகளிலும் இருந்த பூச்சைச் சுரண்டி, நீள வயரில் முடிந்து, ரோர்ச்சில் பல்ப் இருந்த இடத்தில் பொருத்தினாள். பிறகு ரோர்ச்சின் சுவிச்சைத் தள்ளினாள். அம்மாவின் கொண்டையூசிகள் துள்ளிப் போய் ஆணியில் ஒட்டின! நிறுத்தினாள், பொலபொலவென்று விழுந்தன. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"சுத்துக்குள்ள மின்சாரம் ஓடுமட்டும்தான் இது காந்தம். நிண்டா வெறும் இரும்பு."

"இன்னொருக்கா! இன்னொருக்கா செய்யக்கா!"

"பற்றரி முடியப்போகுது!" என்று அம்மா குசினிக்குள் அடுப்பின் முன்னால் இருந்து சத்தம் போட்டார். மின்சாரம் வராத வீடு. வீணாக எரியும் ரோர்ச்சைக் காண்பவர் யாரானாலும், கேட்காமலே நிறுத்திவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

மறுநாள் மத்தியானம் ரோர்ச்சோடு நான் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தேன். அக்கா வயரை இறக்கினாள். குழாயை உரசிக்கொண்டு ஆணி ஒரு சாதுவைப் போல் கீழே போனது, எங்கும் ஒட்டவில்லை. திறப்பைத் தொட்டதும், "இப்ப போடு!" என்றாள். போட்டேன். திறப்பு எழுந்து நின்றது. குழாயில் படாமல் அவள் வயரை வளைத்து வளைத்து இழுக்க, நீருக்கு மேலே வந்து, வெயிலில் சொட்டச் சொட்டத் தொங்கியது.

"ஐயா! ஓடி வாங்கோ! உங்கடை திறப்பு!"

ஐயா வந்து எட்டிப் பார்த்தார். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் திறப்பு இருந்தது. அவர் கையை நீட்டினார், என் மடியிலிருந்த ரோர்ச்சை நோக்கி.

"பற்றரி வீணாப் போகுது," என்று சுவிச்சை நிறுத்தினார்.

தண்ணீரில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

நான் கத்தினேன், அழுதேன். அக்கா ஐயாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

தெற்கே கலவரத்தில் கடை எரிந்துபோன செய்தியை வீட்டில் எனக்கு மட்டும் சொல்லவில்லை. திறப்பைக் கிணற்றில் போட்டவர் ஐயாதான் என்பதையும் பல வருடங்களுக்குப் பிறகே அறிந்தேன். அன்றைக்கு எனக்கு விளங்காமல் போனது வேறொன்று. பற்றரிக்காக அவ்வளவு கவலைப்பட்ட மனிதர், பொழுதுபடச் சைக்கிளில் சந்திக்குப் போய்ப் புதுப் பற்றரிகள் வாங்கிவந்து அக்காவின் கையில் கொடுத்தார்.

"நல்லாய்ப் பிடிக்குது, பிள்ளை," என்றார். "இனி வேறை எதையாவது தூக்குங்கோ."