பூ வைக்கலாம், சுவர் வைக்கப்படாது

கோமளவல்லி டீச்சர் காலமான செய்தி வாய்க்கால் கரை வழியாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் அவருடைய தங்கை மகன் முரளி. விடிந்ததும் விடியாததுமாகத் திருவானைக்கோயிலில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினான். இரண்டு டயரிலும் சேறு அப்பியிருந்தது. "பெரியம்மா போயிட்டா சார். மெயின் ரோட்டுல லாரி மறிச்சுண்டு நிக்கறது, கரையோட வந்துட்டேன்" என்றான். துக்கச் செய்தி கேட்டவன் முதலில் அழ வேண்டும். நான் அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் போட்ட வழியில் டீச்சர் போன செய்தி வந்திருக்கிறது. கேட்டிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் பூகோள ஆசிரியை. நான் அதே பள்ளி ஆபீசில் கிளார்க். ஆரோக்கியசாமி என்ற பெயரைத் தவிர என் உடம்பில் ஆரோக்கியம் எதுவும் கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில், நாற்பது வயதுக்கு மேல், அவர் சைக்கிள் கற்றுக்கொண்டார். லேடீஸ் சைக்கிள் இல்லை, குறுக்குக் கம்பி வைத்த முழு சைக்கிள். கல்யாணமானவர்கள் மட்டுமே கட்டுகிற மடிசாரைக் கட்டிக்கொண்டு அதில் ஏறி உத்தர வீதியில் மணியடித்தபடி வருவார். ஊர் சும்மா இருக்குமா? கல்யாணம் தட்டிப்போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். அந்த வம்பை இன்னும் நாலு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் அடியேனும் ஒருவன். அது அவர் காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டு, "மடிசார் சைக்கிளுக்காகவே பண்ணினது ஆரோக்கியம். இத்தனை நாள் பொம்மனாட்டிகளுக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான். அதையும் சேர்த்துப் பரப்பிடுங்கோ" என்றார். பரப்பினேன்.

சைக்கிள் எதற்கு என்பது பிறகுதான் புரிந்தது. கொள்ளிடக் கரையோரத்துக் குடியிருப்புகளிலிருந்து வரும் பெண்பிள்ளைகள் மெயின் ரோட்டோரமாக நடந்தே பள்ளிக்கு வருவார்கள். ஒருநாள் ஒரு பெண்ணை பஸ் உரசிக் கை ஒடிந்தது. மறுவாரமே அவள் அப்பா வந்து டி.சி. கேட்டார். சர்டிபிகேட்டை எழுதிக் கொடுத்தது என் கைதான். கூடவே இன்னும் சில அப்பாக்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் சொன்னது ஒன்றுதான்: ரோடு இப்படி இருந்தால் பெண் படித்தது போதும்.

டீச்சர் அவர்களிடம் காலாண்டுப் பரீட்சை வரை தவணை கேட்டார். அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைகளில் சுற்ற ஆரம்பித்தார். எந்தக் கரை எங்கே போய் முட்டுகிறது, எந்த மதகின் மேல் சைக்கிளை உருட்டலாம், எங்கே முள் மண்டிக் கிடக்கிறது எல்லாம் பார்த்தார். மூன்று கிளைக் கரைகளும் ஒரு பழைய மதகடியில் கூடுகின்றன, அங்கிருந்து பள்ளியின் பின்வாசல் வரை ரோட்டில் கால் வைக்காமலே வரலாம் என்று கண்டுபிடித்தார். பிறகு சனிக்கிழமை தோறும் வேலை. பெரிய வகுப்புப் பெண்கள், நாலைந்து அப்பாக்கள், ஆபீசில் தப்பிக்க இடம் கிடைக்காத நான். கருவேலம் முள்ளை வெட்டினோம், பள்ளத்தில் செம்மண் கொட்டினோம், நீர் வழியும் இடங்களில் பலகைக்கல் போட்டோம். மழைக்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். "பாதை போடறது பெரிசில்லை ஆரோக்கியம், அதுமேல தினம் கால் படணும். படலேன்னா அது பாதையில்லை, வெறும் காடு" என்பார்.

பனி நாட்களில் பிள்ளைகள் வழி தவறி வாய்க்காலில் விழக்கூடாதே என்று அங்கங்கே அடையாளக் கல் நட முடிவு செய்தார். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, நடுவில் அகலமாக ஒரு சிவப்புப் பட்டை. கல்லைத் தரையில் படுக்க வைத்தே பூசினோம். டீச்சரே முன்னால் நின்று, இப்படியிருந்து இப்படி என்று கையால் காட்டினார். காய்ந்ததும் நிமிர்த்தி நட்டோம். நட்ட பிறகுதான் தெரிந்தது, பட்டை குறுக்கே போகவில்லை, மேலிருந்து கீழே இறங்குகிறது. வெள்ளையின் நடுவே சிவப்பு. ஸ்ரீரங்கத்தில் அதைப் பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா அட்சரேகை தீர்க்கரேகை சொல்லித்தறேன், கடைசியில நானே மாத்திப் போட்டுட்டேன்" என்று சிரித்தார். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதற்குள் மதகடிக் கல்லின் நாமத்துக்கு யாரோ மாலை போட்டுவிட்டார்கள்.

அந்த மதகை ஒட்டி ஒரு ரைஸ்மில்காரருக்கு வாழைத்தோட்டம். பிள்ளைகள் கரையில் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. தார் திருடுகிறார்கள் என்றார். கரை சர்க்கார் கரைதான் என்றாலும் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டிவிட்டார். மூன்று பாதையும் கூடுகிற இடம் அது. அதை அடைத்தால் மூன்றும் செத்தது. ஆனால் கம்பியை ஒட்டியே மாலை போட்ட கல் நின்றது. மனிதருக்குப் பக்தி அதிகம், அதைப் பிடுங்கக் கை வரவில்லை. யோசித்து, கம்பியை எடுத்துவிடுகிறேன், கல்லைச் சுற்றி என் செலவில் சின்னதாக ஒரு மண்டபம் கட்டித் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

எங்களுக்கெல்லாம் ஒரே குஷி. பெருமாளே வந்து காப்பாற்றிவிட்டார் என்று ஞாயிறு தோறும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் நானே மூன்று தெருவில் சொல்லிவிட்டேன். டீச்சர் மட்டும் முகம் கொடுக்கவில்லை. அவர் காலையில் பெருமாளைச் சேவிக்காமல் காபி குடிக்காதவர், இதற்கு மனம் குளிர வேண்டாமா என்று கேட்டே விட்டேன்.

"மண்டபம் வந்தா சுத்துச்சுவர் வரும். சுவர் வந்தா கேட் வரும், கேட் வந்தா பூட்டு வரும். சாவி யார்கிட்ட இருக்கும் ஆரோக்கியம்?"



அடுத்த சனிக்கிழமை தலைக்குக் குளித்து, மடிசாருடன், ஒரு வாளிச் சுண்ணாம்பும் பிரஷ்ஷுமாக வந்தார். கூட்டம் கூடிவிட்டது. மில்காரரும் வந்து நின்றார். டீச்சர் மாலையைப் பதவிசாக எடுத்து வாய்க்காலில் விட்டார். பிறகு கல் முழுக்க வெள்ளை அடித்தார்.

"டீச்சர், சாமி குத்தம் ஆயிடுங்க" என்றார் மில்காரர்.

"குத்தம் என் பேர்ல இருக்கட்டும். பெருமாளுக்கு ஊர்ல இடத்துக்குக் குறைச்சல் இல்லை. இந்தக் கொழந்தைகளுக்கு இது ஒண்ணுதான் வழி."

வெள்ளை காய்ந்த பிறகு சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டார். கம்பி அப்படியே இருந்தது. மண்டபம் இல்லையென்றால் கம்பிதான் என்று மில்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை டீச்சர் கம்பிக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். புத்தகப் பை, சாப்பாட்டு டப்பா, சைக்கிள், கடைசியில் பிள்ளை என்று ஒவ்வொன்றாகக் கைமாற்றினோம். மாலையில் அதையே திருப்பி. என் ஒரே நல்ல பேண்ட் முதல் நாளே கிழிந்தது. மறுநாளிலிருந்து கைலியில் வந்தேன், அதுவும் கிழிந்தது. மழையில் வந்தோம், மில்காரரின் ஆள் திட்டியபோதும் வந்தோம். ஒருநாள் அந்த ஆளுடைய மகளே வரிசையில் நின்றாள். அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு அவள் பையை வாங்கி இந்தப் பக்கம் கொடுத்தார். பரீட்சைக்கு முந்தின வாரம் கம்பியில் ஓர் இடைவெளி தெரிந்தது. மாடு முட்டிவிட்டது என்றார் மில்காரர். டீச்சர் தம் சைக்கிள் ஹேண்டில்பாரை அதில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க மாட்டை இன்னும் ஒரு சாண் முட்டச் சொல்லுங்கோ" என்றார். மறுநாள் முட்டியிருந்தது. டி.சி. வாங்கிப் போன பெண்ணும் அந்த மாதமே திரும்பி வந்தாள்.

அதன் பிறகும் அந்தக் கல்லின் மேல் எப்போதாவது ஒரு செம்பருத்தி இருக்கும். டீச்சர் அதை எடுத்ததில்லை. "பூ வைக்கலாம், சுவர்தான் வைக்கப்படாது" என்பார். ரிட்டையரான பிறகும், கால் வீங்கி சைக்கிள் ஏற முடியாமல் போன பிறகும், வாரம் ஒருமுறை அதை உருட்டிக்கொண்டாவது கரையில் ஒரு நடை வந்துவிடுவார்.

டீச்சரைக் கொள்ளிடக் கரைக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு, சுடுகாட்டுக்கு வரக்கூடாத பெண்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். எல்லாரும் பழைய மாணவிகள். நர்ஸ், டீச்சர், பேங்கில் கேஷியர், ரைஸ்மில் ஆளின் மகள். சைக்கிளில் வந்தவர்களே அதிகம். யாரும் சொல்லிக்கொள்ளாமல் கரைப்பக்கம் கிளம்பினார்கள். நானும் தொப்பையோடு பின்னால் போனேன்.

மதகடியில் புதுக் கல்தூண்கள், புதுக் கம்பி. மில்காரரின் மகன் தோட்டத்தை மனைக்கட்டாகப் போடப்போகிறாராம். டீச்சர் படுக்கையில் கிடந்த நாட்களில் நட்டிருக்கிறார்கள். விடிகாலையில் முரளி சைக்கிளை இதன் மேலே தூக்கிப் போட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.

கேஷியர் அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். நான் கம்பியில் புகுந்து அந்தப் பக்கம் போனேன். வேட்டி கிழிந்தது, பழக்கம்தான். முதல் சைக்கிள் என் கைக்கு வந்தது. பிறகு அடுத்தது. எல்லாம் வந்து சேர்ந்த பின் ஒரு பெண் கல்லின் மேல் ஒரு செம்பருத்தியை வைத்தாள்.

நாளைக் காலையிலும் வருகிறோம். அந்த மகனும் ஒரு மாடு வாங்கும் வரை வருவோம்.

டீச்சர், வழியில் எங்கள் கால் இருக்கும். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க.