ஆறு பாட்டில் விளக்கெண்ணெய்

எங்கள் அப்பா ஓட்டிய தோட்டத்து லோரி வீட்டுக்கு வந்து சேருவதற்குக் கால் மணி நேரம் முன்பே லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். வால்வுகளைத் தூக்கிவிடும் டாப்பட்டுகள் தேய்ந்துபோய், எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்து ஓயாமல் பாக்கு இடிப்பதுபோல் சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா அடுப்பு மூட்டுவாள். ஆற்று வளைவில் கேட்டதும் சுள்ளியைப் பற்றவைத்தால், அப்பா கைகால் கழுவி உட்காரும்போது மரவள்ளிக்கிழங்கு வெந்திருக்கும். எனக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்டாலே மானம் போகும்.

காரணம், கடைசி வீட்டுப் பெண். அவளுடைய அப்பாவும் லோரி ஓட்டுநர்தான். தோட்டத்தில் இருந்த இரண்டு லோரிகளில் புதியது அவருடையது. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நாக்கை மடித்து 'டக டக டக' என்று எங்கள் லோரி மாதிரியே சத்தம் போட்டுக் காட்டுவாள். எனக்கு அப்போது எட்டு வயது. ஜப்பான்காரன் வந்ததில் பள்ளிக்கூடம் மூடிப்போனதற்கு நான் வருத்தப்படவே இல்லை. இவள் வாயை மூட ஆளில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. ஈப்போவில் ஒரு பட்டறையில் ஆறு மாதம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவர். அந்த ஆறு மாதத்தில் உலகத்து எஞ்சின்களையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம். பட்டறை மூடியதும் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டார். கிழங்கைத் தின்றுகொண்டே எங்கள் லோரிக்கு வைத்தியம் சொல்வார்.

நோயெல்லாம் எண்ணெயில்தான் என்பது அவர் கட்சி. வெள்ளைக்காரன் போனதோடு நல்ல எஞ்சின் எண்ணெயும் போய்விட்டது. அப்பா பழைய கறுப்பு எண்ணெயைத் துணியில் வடிகட்டி, பாகான் டத்தோவிலிருந்து வரும் தேங்காய் எண்ணெயைக் கலந்து ஊற்றி எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். தேங்காய் எண்ணெய் சூடேறினால் தண்ணீராகிவிடும், இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும் என்பார் மாமா. செம்பனை எண்ணெயோ விடிகாலையில் நெய்யாக உறைந்து கிடக்கும். விளக்கெண்ணெய் ஒன்றுதான் எவ்வளவு சூட்டிலும் கெட்டியாக நின்று டாப்பட்டை அணைத்துக்கொள்ளும் என்று அடித்துச் சொல்வார். என் மாமா தன் ஆயுளில் சரியாகச் சொன்ன விஷயம் இது ஒன்றுதான்.

விளக்கெண்ணெய் எங்கே இருந்தது என்பது எனக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியை மூடியபோது, மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஆறு பாட்டிலை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு லயத்துப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்பது அம்மாவின் பொறுப்பு. முதல் கரண்டி எனக்கு. சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்துக் காட்டினால்தான் மற்றவர்கள் வாயைத் திறப்பார்களாம். அந்த ஆறு பாட்டிலும் லோரிக்குள் போய்விட்டால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் பிழைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருந்தாலும் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து ஒரு செய்தி சொன்னார். இரண்டு லோரிகளையும் பார்வையிட ஜப்பான் அதிகாரி ஒருவர் வருகிறார். எஞ்சின் நன்றாக இருப்பதைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். எடுக்கப்பட்டால் குடும்பத்துக்கு அரிசியும் துணியும் உண்டு. மாமாவுக்குக் கிழங்கு இறங்கவில்லை.

“அரிசி கொடுக்குறானாம்லா, மச்சான். இந்தச் சத்தத்தைக் கேட்டா எவன் நம்ம லோரியை எடுப்பான்?” என்றார்.

“எடுக்க வேணாம்” என்றார் அப்பா. “லோரி போனா ஓட்டுறவனும் போகணும். முன்னே சயாமுக்குப் போனவங்ககிட்டேருந்து ஒரு காயிதம் வந்திருக்கா? அது பாட்டுக்குக் கத்தட்டும், விடு.”

மாமா அதைப் பயந்தாங்கொள்ளிப் பேச்சு என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. சண்டைக்கு முன் கடையில் விற்ற நல்ல அரிசிக்குச் சயாம் அரிசி என்றுதானே பெயர்? பாகான் செராய் வயல்களைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் வரும் ஊர்தான் சயாம் என்று நினைத்திருந்தேன். அப்பா அங்கே போனால் திரும்பும்போது லோரி நிறைய அரிசி வரும். அதைவிட, கடைசி வீட்டு லோரியைத் தோற்கடித்துவிட்டு வரும்.

பார்வைக்கு முதல் நாள் சாயங்காலம், அப்பா ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரத்தில், காலி அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த பாட்டில்களை நானே எடுத்து வந்து கொடுத்தேன். மாமா பழைய எண்ணெயை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஊற்றினார். ஆறாவது பாட்டிலை நான் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தேன். அவ்வளவு சிரத்தையாக நான் எந்த வேலையும் அதுவரை செய்ததில்லை.

மறுநாள் காலையில் அப்பா கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினார். முதலில் கொஞ்சம் முனகியது. பிறகு அந்தச் சத்தம் அடங்கியே போயிற்று. கோழி கொக்கரிப்பதெல்லாம் கேட்டது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் கடைசி வீட்டைப் பார்த்தேன்.

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என்ன ஊற்றினாய் என்று மாமாவைக் கேட்டார். மாமா பெருமையாகச் சொன்னார். அப்பா அவரை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. லோரிக்கு அடியில் புகுந்து, ஒரு தகரத்தை வைத்து, அத்தனையையும் திறந்து விட்டார். அம்மா ஓடிவந்தாள். வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெய், தலைக்குத் தேய்ப்பது உட்பட எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். அது போதாதென்று, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயையும் நீட்டினாள்.

“இதையும் ஊத்துங்க. நாம இருட்டுல கிடந்துக்கலாம்.”

அப்பா மிச்சம் வைத்த கொஞ்சம் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனார். அந்த ஓட்டுநர் சிரித்து அனுப்பிவிட்டாராம். தன் லோரியைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அதிகாரி வந்தபோது எங்கள் லோரி என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கத்தியது. அவர் எஞ்சினுக்குள் காதைக் கொடுத்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை எடுத்து, ஏதோ சொல்லிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெயிக்க வைத்த லோரியைத் தன் கையாலேயே தோற்கடித்த அப்பாவை நான் மன்னிப்பதாக இல்லை. கடைசி வீட்டு லோரி சத்தமில்லாமல் கிளம்பிப் போயிற்று. அந்தப் பெண்ணின் அப்பா கையை ஆட்டிக்கொண்டே போனார்.

தகரத்தில் பிடித்த விளக்கெண்ணெயை அம்மா வீணாக்கவில்லை. பல நாட்கள் எங்கள் வீட்டு அகல் அதில்தான் புகைந்து எரிந்தது. மாமா அதற்குப் பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, கோழி வளர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். லயத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ராணி மாதிரி நடத்தினார்கள். நான் மட்டும் அப்பாவோடு பேசாமல் இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, கடைசி வீட்டுப் பெண் சாயங்காலங்களில் ஆற்று வளைவுக்கு வந்து நிற்க ஆரம்பித்தாள். எங்கள் லோரி டகடகவென்று வரும். என் அம்மா அடுப்பை மூட்ட எழுந்து போவாள். அந்தப் பெண் எங்கள் லோரி கடந்து போகும்வரை அசையாமல் நின்று கேட்பாள். அவள் அப்பாவிடமிருந்து அதுவரை காயிதம் வரவில்லை. எங்கள் லோரியைக் கேலி செய்யத்தான் வந்து நிற்கிறாள் என்று எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் நானே அவள் முன்னால் போய் நின்று, “உங்க லோரி எங்கே?” என்று கேட்டேன்.

அவள் லோரி போன பாதையையே பார்த்தாள். நாக்கை மடித்து 'டக டக' என்று காட்டவும் இல்லை. அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா எனக்காகக் கிழங்கை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார்.