சுருக்கிச் சொன்ன வலி

பனி கொட்டும் இந்தப் பிரெஞ்சு ஊரில் தை மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் கிடையாது. என் மனைவி பவளம் திறந்து வைத்தாள். செயின்ட்-மிஷேலில் இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. உடம்பு முழுவதையும் கம்பளியால் மூடிக்கொண்டு, இடது காலை மட்டும் முழங்காலுக்கு மேல்வரை வெறுமையாக்கி, பனிக்காற்றில் நீட்டியபடி இருப்பாள். கீழே பனி அள்ளிக்கொண்டிருந்த கட்டடக் காவலாளி இதைக் கண்டுவிட்டு மேலே ஏறி வந்தார். வெப்ப நாட்டில் இருந்து வந்தவர்களுக்கே எங்கள் ஹீற்றர் கூடிப் போய்விட்டதா என்று பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் கேட்டுச் சிரித்துவிட்டு, அதைக் குறைத்து வைத்துவிட்டுப் போனார். விளக்கம் சொல்ல என்னிடம் பிரெஞ்சு போதாது. "மெர்சி" என்று நன்றி மட்டும் சொன்னேன். அன்று முழுவதும் வீட்டுக்குள் தொப்பியோடு திரிந்தேன்.

அவளுக்கு அதற்கு முந்திய சித்திரையில் முழங்கால் மூட்டை மாற்றியிருந்தார்கள். எங்கள் நாட்டில் போர்நிறுத்தம் வந்து சண்டை நின்றிருந்த காலம் அது. திருகோணமலைக்குப் போய்க் கோணேசர் கோயில் ஏற்றத்தில் தன் காலால் ஏறவேண்டும் என்பதற்காகவே அவள் ஒப்பரேசனுக்குச் சம்மதித்தாள். காயம் நன்றாக ஆறியது. பழைய வலியும் போயிற்று. ஆனால் அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. "உள்ளுக்கை இல்லையப்பா, தோலிலதான் எரியுது. சட்டைக் கரை பட்டாலே நெருப்புக் கொள்ளி வைச்ச மாதிரி. நடுவில சுள்ளெண்டு கரண்ட் அடிக்குது" என்பாள். போர்வையை அந்தக் காலில் படவிட மாட்டாள். பனிக்காற்று ஒன்றுதான் அந்த எரிவைக் கொஞ்சம் மரக்கச் செய்தது.

மகன் ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் இருக்கிறான், வேலை நாட்களில் வர முடியாது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போவேன், அவளுக்காக நான்தான் கதைப்பேன். எங்கள் ஆட்களிடம் இது வழமை. மனைவிக்கு வருத்தம் என்றால் டொக்ரரிடம் சொல்வது புருஷன். அதோடு நான் ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். சாட்சி சொல்ல வருகிறவர்கள் காலையில் குடித்த கஞ்சியில் இருந்து தொடங்குவார்கள். நீதவான் மணிக்கூட்டைப் பார்ப்பார். நான் அவ்வளவையும் வடித்து ஒரு வரி ஆங்கிலமாக்கிக் கொடுப்பேன். அதற்காகவே நீதவான்களுக்கு என்னைப் பிடிக்கும். எனக்கும் அதில் பெருமை இருந்தது.

அதே பெருமையோடுதான் சத்திரசிகிச்சை நிபுணரின் அறையிலும் இருந்தேன். பவளம் நெருப்பு, கரண்ட், சட்டைக் கரை எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நான், "முழங்காலில் வலி இருக்கிறது டொக்ரர், சமாளிக்கிறா" என்றேன். தோல் எரிகிறது என்று சொன்னால் அவளைப் பைத்தியம் என்று நினைப்பாரோ என்று கூச்சப்பட்டேன். உண்மையை முழுதாகச் சொல்வதானால், அவள் கூட்டிச் சொல்கிறாள் என்று நானும் நினைத்தேன். இப்படியே நான்கைந்து தடவை போய்வந்தோம். கடைசியில் அவர், எக்ஸ்ரேயிலும் இரத்தத்திலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் வலி போகாததால் மூட்டைத் திறந்து பார்க்கவேண்டும், தேவையென்றால் மறுபடி மாற்றவேண்டும் என்றார். பவளத்துக்குச் சொல்வதற்கு முன்னமே நான் தலையாட்டிவிட்டேன்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். "திரும்பவும் வெட்டுறதோ? இந்தச் சீனி வருத்தத்தோட, இந்த வயசில, நான் மயக்கம் தெளிஞ்சு எழும்புவனோ?"

"எழும்புவீர்" என்றேன். அன்று தொடங்கிய பயம் சாப்பாட்டில், குளியலில், மெத்ரோ படியில் என்று என்னோடேயே வந்தது. அவள் எழும்பாமல் போனால் அந்த வீட்டில் நான் யாரோடு தமிழ் கதைப்பேன் என்றுகூட யோசித்தேன். அவளுடைய உயிரைப் பற்றி யோசிக்கவேண்டிய நேரத்தில் என் தனிமையைப் பற்றி யோசித்தேன்.

ஒப்பரேசனுக்கு முன்னால் மயக்கமருந்து கொடுக்கும் பெண் டொக்ரர் அவளைப் பார்க்கவேண்டியிருந்தது. நான் வழமைபோல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பவளத்திடம், ஒரு விரலால் மட்டும் இடத்தைக் காட்டும்படி சைகை செய்தார். பவளம் தழும்பின் உட்பக்க ஓரத்தில் ஒரே ஒரு புள்ளியைக் காட்டினாள். டொக்ரர் ஒரு பஞ்சுத் துணுக்கால் அங்கே மெல்லத் தடவினார். பவளம் "ஐயோ!" என்று கத்தி, அவருடைய கையைத் தட்டிவிட்டாள். எனக்கு உயிர் போய்விட்டது. டொக்ரருக்குக் கோபம் வரவில்லை. என் பக்கம் திரும்பி, எரிகிறதா, மின்சாரம் அடிப்பதுபோல இருக்கிறதா, போர்வை பட்டால் தாங்க முடியவில்லையா என்று கேட்டார்.

"ஓம், ஓம், ஓம்" என்றேன். ஆங்கிலம் வரவில்லை.

"உங்கள் மனைவியிடம் கேளுங்கள்" என்றார் டொக்ரர்.

"எனக்குத் தெரியும். பல மாதமாகச் சொல்கிறா" என்றேன் ஆங்கிலத்தில். அவர் கோப்பைத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை மெதுவாக மூடினார். பிறகு விளங்கப்படுத்தினார். மூட்டில் பிழையில்லாமல் இருக்கலாம். தோலுக்குப் போகும் சிறு நரம்பொன்று வெட்டில் அறுபட்டுத் தழும்புக்குள் சிக்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். அந்தப் புள்ளியை மரக்கவைக்கும் விறைப்பு ஊசி போட்டால் தெரிந்துவிடும். எரிவு நின்றால் நரம்புதான் காரணம், மூட்டைத் திறக்கத் தேவையில்லை.

"என்னவாம்?" என்றாள் பவளம். "நான் சொன்னதெல்லாத்தையும் நீங்கள் அப்பவே அந்தப் பெரிய டொக்ரரிட்டைச் சொன்னனீங்கள்தானே?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. "இல்லைப் பவளம். நோகுது எண்டு மட்டும்தான் சொன்னனான்."

பவளம் கேட்டாள். "கோர்ட்டிலையும் இப்பிடித்தானோ? அப்ப எத்தினை பேரை உள்ளுக்கை தள்ளினியள்?"

டொக்ரர் அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார்.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் பவளம் தன் சட்டையைத் தானே இழுத்து முழங்காலை மூடினாள். பிறகு துணிக்கு மேலால் தடவிப் பார்த்து அழத் தொடங்கினாள். விறைப்பு விட்டதும் எரிவு திரும்பிவிட்டது. ஆனால் காரணம் பிடிபட்டுவிட்டது. மூட்டைத் திறக்கும் பேச்சைச் சத்திரசிகிச்சை நிபுணர் கைவிட்டார். முதலில் நரம்புக்கான மாத்திரை கொடுத்தார்கள். அது தலைசுற்றலைத் தந்த அளவுக்குச் சுகத்தைத் தரவில்லை. கடைசியில் அந்த இடத்தை மட்டும் விறைக்கவைத்து, நரம்பின் சிக்கிய நுனியை வெட்டி எடுப்பதென்று முடிவானது. எரிவு முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது, அங்கே தோல் உணர்வில்லாமல் போகும் என்றார்கள். நான் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தேன். "டொக்ரர் இருமினதையும் சொல்லுங்கோவன்" என்றாள் பவளம். அப்போதும் எனக்குப் பயம்தான். எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயம்.

வெட்டி எடுத்த பிறகு எரிவு போய்விட்டது. இப்போது ஜன்னல் மூடியிருக்கிறது. அடுத்த தடவை போனபோது அந்தப் பெண் டொக்ரர் அவளைக் கண்ணை மூடச்சொல்லி, பஞ்சால் தொட்டுத் தொட்டு, உணர்வு முடியும் இடமெல்லாம் பேனையால் கோடு போட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் நீல மையில் அந்த வட்டம் அவளுடைய முழங்காலில் இருந்தது.

"தொட்டுப் பாருங்கோ" என்றாள். தொட்டேன். "இந்தப் பக்கம் உங்கட கை தெரியுது. கோட்டுக்கு அங்காலை ஆரோ ஒராளின்ர காலைத் தொடுற மாதிரிக் கிடக்கு."

"எரியுதோ?"

"இல்லை. ஒண்டுமே இல்லை. என்ர கால்தான், ஆனா அவ்வளவும் என்ர இல்லை. இந்தக் காலோடதான் கோணேசருக்கு ஏறப்போறன்."

போவோமா, சண்டை அதுவரை நின்றிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. சாட்சிக்கூண்டில் நின்று நெடுநேரம் பேசியவர்களின் முகங்கள்தான் நினைவில் வந்தன. அவர்களிடம் இனிப் போய் எதைக் கேட்பது? கையை எடுக்கப் பார்த்தேன். "எடுக்காதேங்கோ" என்றாள். என் உள்ளங்கை அந்த நீலக் கோட்டின் மேல், பாதி அவளுக்குத் தெரியும்படியும் பாதி தெரியாமலும் கிடந்தது.