தமிழ் எழுத்து உண்டா?

சேரன்மகாதேவியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் இணையத்தில் பழைய படங்களின் டிவிடி வாங்குவார். விற்பவர்கள் ‘தமிழ் சப்டைட்டில் உண்டு’ என்று போட்டிருப்பார்கள். ஓடவிட்டால் ஆங்கிலம் வரும். மூக்கு நுனிக் கண்ணாடியோடு உடனே கைபேசியை எடுத்து, ‘தமிழ் எழுத்து இல்லை, நம்பி வாங்காதீர்கள்’ என்று அந்த விற்பனைப் பக்கத்தின் கீழே எழுதிவிடுவார்.

ஒருநாள் நான் போனபோது படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“சத்தம் வைக்கலாமே அண்ணாச்சி?”

“வீட்டுக்காரிக்குக் காது கேக்காதுல்லா. எழுத்தப் படிச்சுத்தான் படம் பாப்பா. நானும் அப்படியே பழகிட்டேன்.”

அவர் மனைவி இறந்து ஒரு வருடமாகிறது.

“இனிமே வைக்கலாம்லா?” என்று தயங்கிக் கேட்டேன்.

“வச்சுப் பாத்தேன் வே. வீட்டுக்குள்ள யாரோ வேத்தாள் பேசுத மாதிரி இருக்கு.”

இப்போதெல்லாம் அவருக்குப் பார்சல் வந்தால், மாடியில் நான் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன்.