மாலை போட்ட பேனர்

மகளின் பள்ளி வாசலில், பத்தாவதில் முதலிடம் வந்தவர்களின் படம் போட்ட புது பேனரைப் பிரித்தார்கள். அந்த மை வாடை மூக்கில் ஏறியது.

பத்தாம் வகுப்பில் நான் மாவட்டத்திலேயே முதலிடம் வந்தபோதும் இதே வாடைதான். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் இருந்த எங்கள் டீக்கடை முன்னால் அப்பா என் படத்தை ஆளுயரப் பேனராக நிறுத்தினார். தினமும் ஈரத்துணியால் துடைப்பார். "ப்ளஸ் டூலயும் இதே மாதிரி வந்துடணும், கண்ணு" என்பார். எனக்குச் சோறு இறங்காது.

பௌர்ணமியன்று பெருமை தாங்காமல் அந்தப் படத்துக்கு ரோஜா மாலை போட்டுவிட்டார்.

கிரிவலம் வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்து நின்றுவிட்டார். கீழே டம்ளர் கழுவிக்கொண்டிருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பாவம், சின்னப் பொண்ணு. மார்க் கம்மினு செத்துட்டாளா?" என்று என்னிடமே கேட்டார்.

அப்பா பாய்ந்து வந்து மாலையைப் பிய்த்தெடுத்தார். அதன்பிறகு ப்ளஸ் டூ பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

"பத்தாவதுல என் போட்டோவும் இங்க வரும், பாரும்மா" என்று பள்ளி வாசல் பேனரைக் காட்டினாள் மகள்.

அவள் கையைப் பிடித்தேன்.

"வலிக்குதும்மா, விடு" என்றாள்.